கால் சுற்று போதும்

ஜூன் 4, செவ்வாய்

முதுகு வலி. மூன்றாம் மாடியில் இரண்டு குழாய் மாற்றிவிட்டு வந்தால், டிரைவரம்மா வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படிக் கூப்பிட்டால் முதலில் முறைப்பாள். இப்போது திரும்பிப் பார்க்கிறாள். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கி, சேமிப்பில் ஒரு பழைய காரையும் வாங்கிய பெண்டாட்டியை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இருபதாம் தேதி மகள் வீட்டுக்கு அவளே ஓட்டிக்கொண்டு போகப்போகிறாளாம். ஆறு மணி நேரப் பயணம். மகளுக்கு இது ஒன்பதாம் மாதம், மாப்பிள்ளையோ கப்பலில் இருக்கிறார். "வலி வந்தா நீ வண்டி தேட வேணாம். அம்மா வண்டியோடவே வர்றேன்" என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டாள். நானும் கூடப் போக வேண்டுமாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

ஜூன் 7, வெள்ளி

கார் நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். மெக்கானிக் வந்து பார்த்தான். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில், ஆயில் ஸ்விட்ச் உட்காரும், நடுவில் ஓட்டையுள்ள பித்தளைத் துண்டின் திருகு மரை வழியாகக் கசிகிறது.

"ஒரு நாளைக்கு ஒரு சொட்டுதான்ணே, பயமில்ல. கிளம்புறதுக்கு முன்னால நான் வந்து சரி பண்றேன். கையால இறுக்கி, மேல ஒரு கால் சுத்து, அவ்வளவுதான் வேலை. நீங்க கை வெச்சிடாதீங்க."

முப்பத்துமூன்று வருஷமாக ஊரார் வீட்டுக் குழாய்ச் சொட்டை எல்லாம் நிறுத்தியவன் நான். என் வாசலில் ஒரு சொட்டா?

ஜூன் 9, ஞாயிறு

உடைத்துவிட்டேன்.

எழுதினால்தான் ஆறும். அவள் கடைக்குப் போயிருந்தாள். ஸ்விட்சைக் கழற்றினேன், பித்தளையையும் கழற்றினேன். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல வெள்ளை டேப்பைப் பன்னிரண்டு சுற்று சுற்றி, பைப் ரெஞ்சால் இறுக்கினேன். இறுகிவிட்டது. இன்னும் ஒரு சுற்று போட்டேன். பிறகு இன்னும் ஒன்று. டக்.

தலை என் ரெஞ்சில் இருந்தது. மரை உள்ள பாதி பிளாக்குக்குள் நின்றுவிட்டது. அட மடையா.

ஜூன் 10, திங்கள்

வண்டியை எடுக்கக் கிளம்பியவளிடம் பேட்டரி இறங்கிவிட்டது என்று சொன்னேன். "அப்படியா" என்றாள். சாப்பிட்டு முடிந்ததும் டேப் சுருளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பானெட்டுக்குள்ள கிடந்துச்சு. பேட்டரிக்கும் டேப் சுத்துவாங்களா?"

திருட்டு முழி முழித்தேன். திட்டியிருந்தால் தேவலை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: "நான் ஓட்டிட்டுப் போகக் கூடாதுன்னுதானே?"

சீச்சீ, என்ன பேச்சு இது என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

சீச்சீ என்றது பொய்யா?

கசிவோடு அவளை அனுப்ப மனசு வரவில்லை, அதனால் இறுக்கினேன். அது சத்தியம். ஆனால் டக் என்ற அந்த நொடியில், உள்ளே ஒருத்தன் "அப்பாடா" என்றான். இனி பஸ்ஸில் போய்விடலாம் என்றான். அவனை எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் இருக்கிறவன்தான்.

ஜூன் 12, புதன்

மெக்கானிக் எக்ஸ்ட்ராக்டரோடு வந்தான். உடைந்ததன் ஓட்டைக்குள் இறக்கி இடப்பக்கமாகத் திருகினால் கடித்துக்கொண்டு வெளியே வருமாம். வரவில்லை. பித்தளை விரிந்து இன்னும் இறுகியது. சூடு காட்டினான், எண்ணெய் விட்டான். அசைந்தால்தானே.

"டேப் சுத்தினா வழுக்கிக்கிட்டே உள்ள போகும்ணே, இறுகினதே கைக்குத் தெரியாது. இனிமே முறுக்கி இந்த எக்ஸ்ட்ராக்டரும் உள்ள உடைஞ்சா டிரில் கூட ஏறாது. இன்ஜினை இறக்கணும். பதினஞ்சு நாள் ஆகும்."

இருபதாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. அவள் பானெட்டை மூடினாள்.

ஜூன் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உடைஞ்சப்போ எனக்குள்ள கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு, அதுவும் உண்மைதான் என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"லைசென்ஸ் டெஸ்ட் அன்னிக்குக் காலையில, மழை கொட்டி எல்லாம் ரத்தாகிடாதான்னு வேண்டிக்கிட்டேன் நானு. எனக்கு மட்டும் பயம் இல்லையா? பயமா இருந்தா பக்கத்துல வந்து உக்காருங்க. வண்டியை ஏன் உடைக்கிறீங்க?"

இவளை நான் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

பல் விளக்கும்போது உறைத்தது. சுவருக்குள் குழாய் முறிந்து மரை மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? திருகவே மாட்டேன். உள்ளிருந்து அறுத்து மடக்கி எடுப்பேன். எத்தனை குளியலறையில் செய்திருக்கிறேன்! இதுவும் பித்தளைதானே?

மெக்கானிக் யோசித்தான். "பிளாக் மரையில பிளேடு பல் பட்டா போச்சுண்ணே" என்றான். ஆனாலும் ஹேக்ஸா பிளேடைக் கிரைண்டரில் தேய்த்து, தீக்குச்சி அகலத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தான். தூள் இன்ஜினுக்குள் போகாமல் இருக்க, ஓட்டையின் அடியில் கிரீஸ் தோய்ந்த துணித் திரியை நூல் கட்டிச் செருகினோம். டிரைவரம்மா டார்ச் பிடித்தாள். அவள் தோள் என் தோளை இடித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு மணி நேரம். இருபது தரம் இழுப்பேன், துடைப்பேன், பார்ப்பேன். "போதும், மரையோட கோடு தெரியுது" என்று அவள்தான் முதலில் சொன்னாள். அடுத்த பக்கமும் அப்படியே. பிறகு சின்ன உளியால் ஒரு தட்டு தட்டினேன். பித்தளை உள்பக்கமாகச் சுருண்டது. நீள மூக்குக் குறடால் பிடித்தேன். வந்துவிட்டது. பின்னாலேயே திரியையும் உருவினேன்.

பிளாக்கின் மரையில் ஒரு கீறல் கூட இல்லை. மெக்கானிக் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க பேசாம என்கிட்ட வேலைக்கு வந்துடுங்க" என்றான். "ரெஞ்சைப் பிடுங்கி வெச்சுக்கிட்டுச் சேர்த்துக்கோ தம்பி" என்றாள் இவள்.

ஜூன் 16, ஞாயிறு

புதுப் பித்தளையை என் கையில் கொடுக்கவில்லை. அவளே மாட்டினாள். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

இரண்டு நாளாகத் தரையில் சொட்டு இல்லை.

ஜூன் 20, வியாழன். காலை

அவள் பையைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் பானெட்டைத் திறந்தேன். ஸ்பேனரைப் பித்தளையில் வைத்தேன். வைத்த ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.

"தொட்டீங்களா?" என்று உள்ளிருந்து குரல்.

"இல்ல."

ஜூன் 21, வெள்ளி. மகள் வீடு

ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் எப்படி இருந்தது என்று மகள் என்னைத்தான் கேட்டாள். பாலம் வந்தது, பிறகு ஒரு பெரிய லாரி வந்தது, அதற்குப் பிறகு எனக்கு ஞாபகமில்லை.

"உங்கப்பாவா? நாலு மணி நேரம் குறட்டை" என்றாள் டிரைவரம்மா.