குளிராத எலக்ட்ரான்கள்

குன்னூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள ஜெர்சனுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். ஒன்பது நாளாக மழை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ் இல்லை. ஏனுங்க, போன் எடுக்க மாட்டீங்களா?

உங்கள் லேபில் ஆராய்ச்சி செய்யும் ஃபெபி போனில் அழுதாள். எலக்ட்ரான்களைக் குறைத்துக்கொண்டே வந்தால், உலோகம் போலிருந்த படலம் மின்சாரத்தை அடைத்துவிடும் என்று நம் கட்டுரையில் காட்டினோமே, அது அவளுக்கு வரவில்லையாம். எவ்வளவு குளிர்வித்தாலும் மின்தடை ஏறுவது பாதியில் நின்றுவிடுகிறதாம். சாம்பிளைக் கெடுத்தாள் என்று வெளியே அனுப்பப் போறீங்களாமே? பந்தலூரிலிருந்து வந்து என்னிடம் படித்த பெண். பொறுத்துப் பாருங்க.

உங்கள் பிரியமுள்ள,
யூனிஸ்

பெங்களூர்
8 நவம்பர்

அன்பு யூனிஸ்,

இதைப் போனிலோ மெயிலிலோ பேசாதே. ஃபெபி நம் கட்டுரைமேல் புகார் கொடுத்துவிட்டாள். விசாரணைக் கமிட்டி என் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டது.

நீ அன்று ரீடிங் எழுதிய நோட்டு பரண்மேல் இருக்கிறதல்லவா? கமிட்டி கேட்டால், மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அது நாசமாகிவிட்டது என்று சொல். அங்கே மண் சரிவதைப் பேப்பரில் எல்லோரும் படிக்கிறார்கள். கட்டுரையில் உன் பெயரும் இருக்கிறது, மறந்துவிடாதே.

பாப்பாவுக்கு முத்தம்.
ஜெர்சன்

குன்னூர்
13 நவம்பர்

ஜெர்சனுக்கு,

நீங்க எழுதும்வரை எனக்குச் சந்தேகமே இல்லை. நோட்டைப் பிரித்தேன். கடைசிக் கட்டக் குளிரில் ரீடிங் நகரவில்லை. 'தெர்மாமீட்டர் குளிர்கிறது, எலக்ட்ரான்கள் குளிரவில்லை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. கட்டுரையிலோ அதைவிடக் குளிரிலும் மின்தடை ஏறுவதாகப் பதினொரு புள்ளிகள். யார் வைத்தது? பாப்பா வயிற்றில் இருக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேனே.

பதில் எழுதுங்க.
யூனிஸ்

பெங்களூர்
16 நவம்பர்

யூனிஸ்,

கேள்வி கேட்கிற நேரமில்லை. 24ஆம் தேதி ஞாயிறு நானே வருகிறேன். நோட்டை யாரிடமும் கொடுக்காதே. ஃபெபியோடு பேசாதே. பாப்பாவுக்கு அப்பா வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொள்.

ஜெர்சன்

குன்னூர்
20 நவம்பர்

ஜெர்சனுக்கு,

ஞாயிறு வராதீங்க. வீடு பூட்டியிருக்கும். பாப்பாவை அழைத்துக்கொண்டு ஜூடித் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நோட்டையும் உங்கள் கடிதங்களையும் கமிட்டிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். என் பெயரையும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். காலேஜில் என்னை வைத்துக்கொள்வார்களா, தெரியவில்லை. ஃபெபியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அவள் போனை வைக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களையும்தான். அங்கே பார்ப்போம்.

யூனிஸ்