முப்பத்தொன்பதாவது வாய்

டாக்டரம்மா,

இன்று காலை ராவுத்தர் வீட்டு ரேடியோவின் முன்னால் இருந்தவர்கள்: ராவுத்தரம்மா, அவருடைய இரண்டு மருமகள்கள், என் நாத்தனார், நான். ஆக ஐந்து பேர். சமையல் நிகழ்ச்சியில் உங்கள் இடத்தில் வேறொரு அம்மாள் கொள்ளுத் துவையல் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். முடித்த பிறகும் நாங்கள் காத்திருந்தோம். "சாப்பிட்டாச்சா? இப்ப வாயைக் கொப்பளிங்க" என்று நீங்கள் எப்போதும் சொல்வது வரவில்லை, நாகசுரம் வந்தது. ராவுத்தரம்மா எழுந்து ரேடியோவை நிறுத்திவிட்டார். நீங்கள் காலமான சேதி வந்து மூன்று மாதம்; இதுவரை உங்கள் பழைய பதிவுகளையே போட்டுவந்தார்கள். எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

மதுரையில் பல் வைத்தியம் பார்த்து, கல்லூரியில் பொதுச் சுகாதாரம் கற்பித்த நீங்கள், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் பல் பார்க்கப் போகையில் பெயர் எழுத என்னைக் கூப்பிட்டீர்கள். மகனுடைய சிலேட்டைப் பார்த்து எழுத்துக் கற்றவள் என்று சொன்னேன். "கோணலா இருந்தாலும் சரி, ஒரு ஆளையும் விட்டுராம எழுதணும்" என்றீர்கள்.

ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. புகையிலைக் கறைக்கு வெட்கப்பட்டு முந்தானையால் மூடிக்கொண்டார்கள். நீங்கள் பல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மூன்று கல்லைக் கூட்டிப் பானையை ஏற்றி, ரேடியோவில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினீர்கள். ஊற்றுவதற்கு முன்னால் உங்கள் வாயைத் திறந்து, கடைவாயில் பல் போன இடத்தைக் காட்டினீர்கள்.

"ஏ ஆத்தா, பல்லு டாக்டருக்கே பல்லு ஓட்டையாம்ல" என்றாள் ஒருத்தி.

"அந்த வலியிலதான் ஆத்தா இந்தப் படிப்பே படிச்சேன். உன்னுதக் காட்டு, யாருது பெருசுன்னு பாப்போம்."

களமே சிரித்தது. சிரித்த வாய்களை வரிசையாகப் பார்த்துவிட்டீர்கள். நான் முப்பத்தெட்டுப் பெயர் எழுதினேன்.

இறங்கும் வழியில், வளைவு ஒன்றில் ஜீப்பை நிறுத்தி டிரைவர் அண்ணனைத் தண்ணீர் மொண்டுவர அனுப்பினீர்கள். "ஒரு ஆளை விட்டுட்டீங்களே" என்றீர்கள். நோட்டை இரண்டு தரம் பார்த்தேன். "கூழைக்கூட ஒரு பக்கமாவே ஒதுக்கிக் குடிக்கிறது யாரு?" என்று சிரித்தீர்கள்.

இரண்டு வருஷமாகக் கிராம்பை அடக்கிக்கொண்டு முருகனை வேண்டி மறைத்த பல். பிடுங்குவதற்குப் பயந்தேன் என்றில்லை. அடுத்தவர் முன்னால் வாய் திறப்பதுதான் என்னால் ஆகாது. சிரிக்கும்போதுகூட கையால் பொத்தியே பழகியவள். அதைச் சொன்னதற்கு, "முருகன் பாக்காத வாயா? நானும் பாத்துக்கிறேன்" என்றீர்கள். திறந்தேன். முப்பத்தொன்பதாவதாக என் பெயரை நானே எழுதினேன். அடுத்த வாரம் மதுரையில் அதை எடுத்துவிட்டீர்கள். வலித்த மாதிரியே இல்லை.

இப்போது வந்திருக்கும் டாக்டர் ஆண்பிள்ளை. நல்லவர். போன மாதம் மேலே போய், ஒரு வாயையும் பார்க்காமல் திரும்பினார். உங்களைப்போலக் கூழ் காய்ச்ச வர முடியுமா என்று எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். காய்ச்சிவிடலாம். ஆனால் கூழ் மட்டும் போதாது என்பது அன்று அங்கே இருந்த எனக்குத் தெரியும். முதலில் ஒருத்தி தன் ஓட்டையைக் காட்ட வேண்டும். அந்த வளைவுக்கும் மதுரைக்கும் பிறகு என் வாயை யாரும் பார்த்ததில்லை.

போவதென்று முடிவு செய்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பூசை முடித்து ஜீப்பு ஏறுகிறேன். சொல்லும்போதே நாக்கு அந்தக் காலி இடத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். முப்பத்தொன்பது பேரும் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அப்போது உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. கீரையைக் கொதியிலே போட்டீர்களா, இறக்கி வைத்த பிறகா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், அம்மா.