மீனில்லாத் தொட்டியில் ஏறிய காரம்

வியாழன், இரவு.

நான் ஊரில் இல்லாதபோது திருவானைக்காவல் தம்பி தீனியை அள்ளிப் போட்டு, அது அழுகித் தண்ணீரில் காரத்தன்மை ஏறித்தான் மீன்கள் செத்தன என்று, மூன்று மாதமாக அவனோடு பேசவில்லை. ஞாயிறன்று தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். மீனும் இல்லை, தீனியும் இல்லை. இன்று தண்ணீரில் சோதனைச் சொட்டு விட்டால், மீன்கள் செத்தபோது காட்டிய அதே நீலம், காரம் ஏறியிருக்கிறது.

எப்படி? உள்ளே இருந்தவை, வீட்டுக்குத் தரை போட்டதில் மிஞ்சி, மீன் இருந்தபோதே அழகுக்காக நான் பரப்பிய மார்பிள் துண்டுகள் மட்டுமே. ஒன்றை எடுத்து எலுமிச்சை பிழிந்தேன். பொடிப்பொடியாகக் குமிழ் விட்டது. சுண்ணாம்புக் கல்; அதுதான் தண்ணீரில் கரைந்து காரம் ஏற்றியிருக்கிறது. இன்னொன்றிலும் பிழிந்து பார்த்தேன்.

“இப்ப யாரத் திட்டப் போறீங்க?” என்றாள் மனைவி.

தம்பிக்குப் போன் செய்து கல்லைப் பற்றிச் சொன்னேன்.

“அப்ப மீன் வாங்க எப்பண்ணே போறோம்?” என்றான்.

சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.