பின் பிரேக்கும் மச்சானும்

ஜூலை 26, சனி
பின் பிரேக் மறுபடி பிடிக்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போகும் வழியில், வேகத்தடை அருகே காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன். செருப்பு அறுந்தது. இந்த சைக்கிளுக்கு முன் பிரேக் கிடையாது. உயரமான ஹேண்டில்பாரில் இருந்து வயர் தொங்கினால் அழகு கெடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். நேற்று வெள்ளிக்கிழமை, துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியபோது நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு
மெதுவாக ஓட்டிக்கொண்டு அடி அண்ணாமலை போனேன். கலையரசன் மச்சான் என் மனைவி எழிலரசியின் அண்ணன். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இந்த சைக்கிளை எனக்காக நீட்டி, வளைத்துக் கட்டிக் கொடுத்தவரே அவர்தான். ரிம்மைத் துடைத்து, வயரை இழுத்துக் கட்டினார். கப்பென்று பிடித்தது.

கிளம்பும்போது, "அந்த லாட்ஜ்காரரு வாசல்ல அழகுக்கு நிறுத்தி வைக்க இத கேட்டுக்கினே இருக்காரு மாப்ள. குடுத்துடுங்க, உங்களுக்கு வேற ஒண்ணு செஞ்சி தரேன்" என்றார். சிரித்து மழுப்பினேன். லாட்ஜ்காரர் மேல் இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

ஆகஸ்ட் 2, சனி
மறுபடி! அவர் கையில் பிடிக்கிறது, என் கையில் ஒரே வாரத்தில் வழுக்குகிறது. நானே வெறுத்துப்போய் விற்கட்டும் என்று காத்திருக்கிறாரா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு
வேறு வழியில்லாமல் அவரிடமே போனேன். "பிரேக் கட்டையே புதுசு போட்டுட்டேன் மாப்ள" என்றார். வீட்டுக்கு வந்ததும் எழிலின் நகப்பூச்சை எடுத்து, பிரேக் நட்டின் மேல் ஒரு கோடு இழுத்தேன். யாராவது கழற்றினால் கோடு விலகிவிடும்.

ஆகஸ்ட் 6, புதன்
மச்சான் எங்கள் மகள் வேதாவைப் பார்க்க வந்தார். பதினோரு மாதக் குழந்தைக்கு எத்தனை பொம்மை! சைக்கிள் பக்கம் இரண்டு முறை போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி. பௌர்ணமி
கோடு அப்படியே இருக்கிறது. பிரேக்தான் இல்லை.

சாயந்திரம் கிரிவலத்துக்கு வந்துகொண்டிருந்த கூட்டத்தில், ஒரு அம்மாவின் வெறுங்காலில் சக்கரத்தை ஏற்றிவிட்டேன். ரத்தம். "சாமிய சுத்த வந்தா கால ஒடைக்கிறியேடா பாவி" என்று அழுதார். வீட்டுக்கு வந்து, எழில் பக்கத்தில் இருக்கும்போதே மச்சானுக்கு போன் போட்டுக் கத்தினேன். "லாட்ஜ்காரன் குடுக்கிற காசுக்கு என்ன கொல்லப் பாக்குறியா?"

'நீ' என்று சொல்லிவிட்டேன். "வெச்சிடறேன் மாப்ள" என்றார்.

எழில் என்னோடு பேசவில்லை. வேதாவுக்கு 29ஆம் தேதி காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன். — வராவிட்டால்? வராவிட்டால் போகட்டும், தப்பு யார் மேல்?

ஆகஸ்ட் 16, சனி
டவுனில் வேணு என்ற மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. ரிம்மில் விரலை இழுத்து முகர்ந்து பார்த்தார்.

"தேங்காண்ணெ. சைக்கிளுக்குத் தல வாரி வுடறீங்களா சார்? ரிம்முல எண்ணெ இருந்தா எந்தக் கட்டதான் புடிக்கும்?"

அப்படியானால் அன்றைக்கு வேதாவைப் பார்க்க வந்தபோது எண்ணெய் தடவியது அவன்தான்! கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடி, எழிலிடம் சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

"சக்கரம் பளபளன்னு இருக்கணும்னு வெள்ளிக்கெழம ஆனா எண்ணெ போட்டுத் தொடைக்கிறது யாருங்க? எங்க அண்ணனா?"

நான்தான். நானேதான். வாரம் தவறாமல், பொட்டு வைப்பதற்கு முன்னால், பக்தியாக. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு
ரிம்மை சோப்புத் தண்ணீரில் கழுவினேன். கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தேன். நன்றாகப் பிடிக்கிறது. மச்சான் போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்
தாம்பூலத் தட்டோடு இருவரும் அடி அண்ணாமலை போனோம். எண்ணெய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன், பாதிதான் வாயில் வந்தது. தட்டை எழிலின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கொழந்தைக்காக வரேம்மா" என்று அவளிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி
மச்சான் விடிந்ததும் வந்துவிட்டார். பட்டுப்பாவாடை, தங்கத் தோடு, தட்டுத் தட்டாக வரிசை. எதிலும் குறை வைக்கவில்லை. ஆசாரி ஊசியை எடுத்தபோது வேதாவின் கண்ணைக் கையால் மூடி, தானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் அழுது ஓயும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இலை போட்டதும் நானே போய்க் கூப்பிட்டேன். "சாப்பிட வாங்க மச்சான்."

"பட்டறையில வேல கீது."

"ஒரு வாயாவது..."

வேதாவை என் கையில் கொடுத்தார். எழிலின் தலையைத் தொட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். கை நனைக்காமலே போய்விட்டார்.

முதல் வரிசையில் அவருக்குப் போட்ட இலை, பந்தி முடியும்வரை அப்படியே கிடந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள், யாரும் அதில் உட்காரவில்லை. கடைசியில் எழில் வந்து அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.