நூற்றிருபத்தேழுக்கு மேல்

12 பெப்ரவரி 2007, திங்கள்

உட்துறைமுக வீதியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். அலுவலகம் வந்து சேர ஒன்பதரை. பொறுப்பாளர் காசிநாதர் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏதும் சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லியிருப்பேன்.

இன்று முதல் தமிழ் விசைப்பலகை. இதுவரை, சண்டையில் பிரிந்த சனம் தங்கள் ஆட்களுக்குச் சொல்லச் சொல்ல நாங்கள் ஆங்கிலத்தில் மாற்றி மட்டக்களப்பு முகாம்களுக்கு அனுப்பினோம். அங்கே வேலை செய்யும் ஜெமீல் அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவார். இனி அந்தக் கூத்து இல்லை. அனுப்பும் புரோகிராம் நான் எழுதியது. திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது.

முதல் ஆள் புஷ்பவதி அக்கா. ஊர் ஈச்சிலம்பற்று. போன சித்திரையில் பிரசவத்துக்கு இங்கே பட்டினம் வந்தவள், அதோடு சண்டை மூண்டு பாதை பூட்டு. இப்போது பாலையூற்றில் சித்தி வீட்டில். கணவன் குணரத்தினம் வாகரைக்கு ஓடி, அங்கிருந்து மட்டக்களப்பு முகாமுக்குப் போய்விட்டான். பிள்ளைக்குப் பத்து மாதம், தகப்பன் இன்னும் பார்க்கவில்லை.

தானே ஒற்றை விரலால் அடித்தாள். "இஞ்ச வரவேண்டாம். ஈச்சிலம்பற்று ஐடியோட வந்த ரெண்டு பேரைச் சோதனையில இறக்கினவங்கள், பிறகு ஆக்களைக் காணேல்லை. நான் சொல்லுமட்டும் அங்கயே இருங்கோ."

பச்சை எரிந்தது. "போட்டுதோ தம்பி, போயிட்டுதோ?"

"ஓம் அக்கா, போட்டுது."

15 பெப்ரவரி

அக்கா வந்தாள். மறுமொழி இல்லை. அதையே இன்னொரு தரம் அடித்தாள்.

19 பெப்ரவரி

ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அக்கா வந்து போனாள்.

23 பெப்ரவரி, வெள்ளி

நித்திரை இல்லாத கோபத்தை அக்காவில் காட்டிவிட்டேன். "ஒவ்வொரு நாளும் வந்தா மறுமொழி முளைக்குமோ?"

அவள் கோபிக்கவில்லை. "அவர் ஒரு இடத்தில நிக்கமாட்டார் தம்பி. பிள்ளையைப் பாக்கவெண்டு வெளிக்கிட்டிடுவார். அதுதான் பயம்."

"எல்லாம் போட்டுது. பச்சை காட்டுது, பாருங்கோ." திரையைத் திருப்பியும் காட்டினேன். ஏன் காட்டினேன்?

2 மார்ச், வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் எப்படியோ மட்டக்களப்புக்கு போன் கிடைத்தது. ஜெமீல் பகிடியாகத்தான் தொடங்கினார். "தம்பி, உங்கட பக்கம் ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாதோ? ரெண்டு கிழமையா ஒரு மறுமொழியும் இல்ல. சனம் என்னைத்தான் ஏசுது."

எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். போனை வைத்ததும், வருகிற செய்திகளில் பிழையானவை என்று புரோகிராம் வீசுகிற குப்பைக் கோப்பைத் திறந்தேன். இதுவரை திறந்ததே இல்லை.

அறுபத்தொரு செய்திகள். எல்லாம் தமிழ்.

வரியில் எந்த எழுத்துகள் வரலாம் என்று அதன் இலக்கணத்தை எழுதியவன் நான். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஓர் எண். ஆங்கிலமும் இலக்கங்களும் புள்ளிகளும் 127க்குள் அடங்கும். அதற்கு மேல் எது வந்தாலும் அது லைனின் இரைச்சல், முழுச் செய்தியையும் வீசு என்று எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் முழுக்க 127க்கு மேலேதான். இரண்டு பக்கமும் அதே புரோகிராம், இரண்டு பக்கமும் வீசியிருக்கிறது. பச்சை என்றால் இங்கிருந்து புறப்பட்டது, அவ்வளவுதான். அங்கே சேர்ந்தது என்றல்ல. அதையும் நான்தான் எழுதினேன்.

சோதிக்கவில்லையா? சோதித்தேன். இருபது தரம், இங்கிலிசில. தமிழன் தமிழ்ச்சனத்துக்கு எழுதின புரோகிராம், அம்மா எண்டு ஒரு சொல் அடிச்சுப் பாக்கத் தோணேல்லையேடா.

குணரத்தினத்தின் நாலு செய்திகள் கிடந்தன. கடைசி, திங்கட்கிழமை போட்டது: "நாலாம் தரம் எழுதிறன். என்னோட கோவமோ? பிள்ளையை ஒருக்காப் பாத்தாப் போதும். வியாழக்கிழமை பஸ்ஸில வெளிக்கிடுறன்."

வியாழன் நேற்று.

3 மார்ச்

"லைன் கோளாறு எண்டு சொன்னாப் போதும்," என்றார் காசிநாதர் சேர். "முழுக்க விளங்கப்படுத்த வெளிக்கிட்டா அறுபது பேர் வாசலில நிப்பினம்." அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். நானும் களைத்துத்தான் போனேன். பாலையூற்று போய்ச் சேரும்வரை லைன் கோளாறு என்றுதான் சொல்லிப் பழகினேன்.

அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணை மட்டக்களப்பால வந்தவரோ?" என்று கேட்டேன். அவர் வெளிக்கிட்டது அவளுக்கு அதிலேயே விளங்கிவிட்டது. பிறகு அவர் எழுதிய நாலையும் வாசித்துக் காட்டி, உள்ளதைச் சொன்னேன். என்ர பிழை எண்டும் சொன்னேன்.

"போட்டுது எண்டனீங்கள்," என்றாள். நான் நின்றேன், பிறகு வந்துவிட்டேன்.

5 மார்ச்

ஒரு வரி மாற்றம்தான். ஒரு வரி! மாற்றியதும் நீளமான செய்திகள் பாதியில் அறுந்தன. ஒரு தமிழ் எழுத்து லைனில் மூன்று துண்டாகவோ அதற்கு மேலோ போகிறது. நீளத்தைத் துண்டுகளால் எண்ண வைத்தேன். இப்போது சரி.

தேங்கியவற்றை அப்படியே திறந்துவிட ஏலாது. "வெள்ளிக்கிழமை வாங்கோ, பாதை நல்லம்" என்று ஒன்று, எந்த வெள்ளிக்கிழமை? பிறத்தியார் வீட்டுக் கதை அறுபத்தொன்றையும் நானே வாசிக்கிறேன். ஒவ்வொன்றின் மேலும் எழுதிய தேதியையும், பிந்தியதற்கு மன்னிப்பையும் போடுகிறேன்.

8 மார்ச்

ஜெமீல் பஸ்காரரைத் தேடிப் பிடித்து விசாரித்திருக்கிறார். வியாழன் காலை குணரத்தினம் ஏறியது உண்மை. மன்னம்பிட்டிக்கு அங்கால் ஒரு சோதனையில் இறக்கினார்களாம். பஸ் காத்து நிற்கவில்லை.

21 மார்ச்

குணரத்தினத்தைத் தேடித் தரச்சொல்லி அக்காவோடு நாலு அரச கந்தோர் ஏறி இறங்கினேன். எல்லா இடமும் படிவம். எல்லாம் ஆங்கிலத்தில், நான்தான் நிரப்பினேன்.

11 ஏப்ரல், புதன்

இன்று மட்டும் எண்பது செய்திகள், எல்லாம் தமிழில். காசிநாதர் சேர் அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதுகிறார். எழுதட்டும்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தாள். கதிரையில் அமர்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடித்தாள்.

"அவர் திரும்பி அந்த முகாமுக்கு வந்தா வாசிச்சுக் காட்டுங்கோ. எனக்குக் கோவமில்லை. நான் ஆறு தரம் எழுதினனான்."

பச்சை எரிந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ரிசீவரை எடுத்தேன். மட்டக்களப்பு கிடைக்க இரண்டரை மணித்தியாலம் ஆனது. அவள் போகாமல் இருந்தாள். ஜெமீலிடம், வந்ததை அப்படியே வாசியுங்கள் என்று சொல்லி ரிசீவரை அவள் காதில் வைத்தேன்.

கடைசிவரை கேட்டாள்.

"ஓம்," என்றாள். "நான் எழுதினது அதுதான்."