படத்தில் இல்லாத பொட்டு

என் ஆசை அப்பா,

நீங்கள் போன பிறகு உங்கள் பேத்தியின் கன்னத்தில் கரும்பொட்டு வைப்பது நான்தான். ஆனால் படத்தில் அது இருப்பதில்லை. முகத்தை அழகாக்கும் செயலி அதை மறு என்று நினைத்துத் தானாகவே துடைத்துவிடுகிறது. துடைத்த முகத்தைத்தான் நான் உலகத்துக்குக் காட்டினேன்.

"பிள்ளையைக் கண்டவனுக்கும் காட்டாதை" என்றீர்கள். "கண்டவன் இல்லை அப்பா, ஃபாலோவர்" என்றேன். "ரெண்டும் ஒண்டுதான், பேர்தான் வெள்ளைக்காரப் பேர்" என்றீர்கள். சிரித்தோம்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து சனம் கலைந்ததும் வீடு ஓய்ந்துபோனது. படம் போட்டால் இதயங்கள் வந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது: உங்களை நினைத்து அழும்போதும் எத்தனை இதயம் என்று பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பழைய படம் ஒன்றின் கீழே யாரோ எழுதியிருந்தார், எங்கள் தமிழில்: "இண்டைக்குப் பிள்ளைக்குச் சிவப்புத் தொப்பி போடேல்லையோ?"

அன்று நான் படமே போடவில்லை, அப்பா. தொப்பியைக் காணாமல் என் சால்வையைச் சுற்றித்தான் பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவந்தேன்.

"ஆரும் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும், விடும்" என்றார் இவர்.

"அதுதானே பயம்" என்றேன். அந்த ஆளைத் தடைசெய்தேன். மறுநாள் வேறொரு பெயரில் வந்தது: "ஏன் கோபம்?"

யார்? கோயிலில் நமக்குப் பின்னால் நிற்பவரா? தமிழ்க் கடையில் பிள்ளைக்கு இனிப்புக் கொடுத்தவரா?

நேற்று புருசெத் ரயில் மேடையில் ஒருவர் போனை உயர்த்தினார். நேரம் பார்த்தாரோ, படம் எடுத்தாரோ. குளிரில் சிணுங்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏன் குஞ்சு அந்த மாமாவைப் பார்த்துச் சிரிச்சனீங்கள்?"

"அவர் என்னை எடுத்தவரெல்லே அம்மா!"

நான் பழக்கியது. எவர் போனைத் தூக்கினாலும் அவளுக்கு அது அம்மாவின் கைதான். நாங்கள் ரயிலில் ஏறினோம். அவர் ஏறவில்லை. மேடையிலேயே நின்றார்.

இன்று கணக்கை அழித்துவிட்டேன். விடிந்ததும் பொலிசுக்குப் போகிறேன். ஆனால் வெளியே போய்விட்ட படங்களை எங்கே போய்த் தேடுவேன்? எத்தனை பேருடைய போனில் அவள் பொட்டில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள்?

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் அவள் பெயரை இதில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே.

நாளையிலிருந்து போனைக் கண்டால் சிரிக்காமல் இருக்க அவளைப் பழக்குவேன் அப்பா. ஒரு தாய் கொடுக்கிற வாக்கா இது என்று கேட்காதீர்கள். இப்போது என்னிடம் இருப்பது இதுதான்.

உங்கள் பேச்சைக் கேளாத கடைக்குட்டி மகள்