கொல்லத்துக்குப் போனவள்

1951 ஜூன் 18, திங்கள்

பள்ளி திறந்து இரண்டு வாரம். மூன்றாம் வகுப்பு டீச்சர் இசபெல் இன்னும் வரவில்லை. கொல்லத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள், நீண்ட லீவு என்றார் ஹெட்மாஸ்டர். நான்கு வருடம் என் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தியவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா போவாள்?

சாயங்காலம் அவள் வீட்டு வழியாக வந்தேன். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே யாரோ இருமினார்கள். யாரோ என்ன – இசபெல்தான்.

ஜூன் 20

அவள் அம்மா செசிலி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அவ கொல்லத்துக்குப் போயாச்சு மக்கா. நானும் சின்னவளுந்தான் இருக்கோம்."

பேசும்போதே பின் அறையில் இருமல். அவள் திரும்பவில்லை. குரலை உயர்த்தி மழையைப் பற்றிச் சொன்னாள். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். ஏன்?

ஜூன் 29

ஆசிரியர் அறையில் இசபெல் நாற்காலி இல்லை. எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஈரச் சாம்பலில் நாலைந்து ஆணிகள் கிடந்தன.

ஜூலை 3

இன்றும் இருமல். குடை பிடித்துப் போகிற எல்லோருக்கும் கேட்கிறது. யாரும் நடையை மாற்றுவதில்லை.

ஜூலை 8, ஞாயிறு

செசிலியம்மா பூசைக்குப் போன நேரம், பின் ஜன்னல் இடுக்கில் கூப்பிட்டேன்.

"செல்லக்கனி, கிட்ட வராத ஏட்டி. நான் கொல்லத்துலயில்லா இருக்கேன்." சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"க்ஷயமா?"

"அம்மா அந்தப் பேரச் சொல்ல விடமாட்டா. ஆகஸ்டுல சின்னவ கல்யாணம். அது முடிஞ்ச பொறவுதான் ஆஸ்பத்திரியாம்." பிறகு கேட்டாள்: "என்ன இப்பமே கொண்டுபோகச் சொல்லி நீ யார்ட்டயாவது சொல்லுவியா?"

சொல்லுகேன் என்றேன்.

ஜூலை 14

சொல்லவில்லை. ஒரே தூக்குச்சட்டியில் தின்றவர்கள் நாங்கள். அவளுக்கு என்றால் எனக்கும் என்பார்கள். என் வேலை? – நான் நல்லாத்தானே இருக்கேன், பொறவு எதுக்கு இந்த வாய் தொறக்க மாட்டேங்கு?

ஆகஸ்டு 20

கல்யாணம். பின் அறைக் கதவைப் பார்க்காமலே எல்லோரும் சாப்பிட்டோம். "மூத்தவளால வர முடியல்ல" என்று இலைக்கு இலை சொன்னாள் செசிலியம்மா. இருமல் கேட்கவில்லை.

ஆகஸ்டு 23

இசபெல் போய்விட்டாள். கொல்லத்தில் காய்ச்சல் கண்டு இறந்ததாகவும், காரில் கொண்டுவந்ததாகவும் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு எந்தக் காரும் வரவில்லை. சேற்றில் சக்கரத் தடம்கூட இல்லை. பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள். கல்லறையில் நாற்பது பேர் நின்றோம். "கொல்லத்துல நல்ல மழையாம்" என்றார் ஹெட்மாஸ்டர். ஆமாம் என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

நானும் தலையாட்டினேன்.

அக்டோபர் 8

அந்த வீட்டில் மறுபடியும் இருமல். அதே பின் அறையில். செத்தவள் இரும மாட்டாள் என்று எனக்கே சொல்லிக்கொண்டு கதவைத் தட்டினேன்.

செசிலியம்மா. வாயில் முந்தானை.

அக்டோபர் 10

குலசேகரத்தில் செசிலியம்மாவை பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "என்ன சொகக்கேடு?" என்றார் கண்டக்டர். "க்ஷயம்" என்றேன், பஸ் முழுக்கக் கேட்க. முன்னால் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். செசிலியம்மா என் கையை விடவில்லை.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஆரம்பந்தான், ஊசி போட்டால் தேறிவிடும் என்றார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊசி ஜூன் மாசமும் இங்க இருந்துதா, டாக்டரே?"

"இருந்துது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.